‘வெறும் பிரிண்ட்தானே’ என்று சொல்லும் முன்

பெரிய ஓவியர்களின் படங்களை அசல் அளவிலேயே அச்சிட்டு, வேனில் ஏற்றிப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோய்க் கண்காட்சி வைப்பது என் வேலை. அண்மையில் ஒரு பள்ளியில் பார்த்ததற்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளியின் பெயர் வேண்டாம். பல இடங்களில் நடப்பதுதான்.

ஹால் ஆண்டுவிழா ஒத்திகைக்குப் போய்விட்டது என்று, மேற்கு பார்த்த வராண்டாவில் படங்களை வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் கையில் நோட்டு. படத்துக்குக் கீழே இருக்கும் அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுதி முடித்துத் தலை நிமிர்வதற்குள் பி.டி. மாஸ்டர் விசில் அடிப்பார், வரிசை நகரும். ஓவியர் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் நோட்டில் ஏறின. படத்தை யாரும் பார்க்கவில்லை. கேட்டபோது பொறுப்பாளர் சொன்னார்: “வெறும் பிரிண்ட்தானே சார், எங்க ஸ்மார்ட் போர்டிலேயே இதெல்லாம் வருமே.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம் எல்லோருக்கும் தெரியும். 1831 வாக்கில் ஜப்பானில் மரக்கட்டையில் செதுக்கி, காகிதத்தில் அச்சடித்தது. அதாவது அதுவே பிரிண்ட்தான். நம் வீட்டுப் பூஜையறைகளுக்கு ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் எப்படி வந்தார்கள்? 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து. இங்கிலாந்தில் 1946-இல் பிரெண்டா ரான்ஸ்லி என்ற பெண்மணி, பள்ளிச் சுவர்களுக்கென்றே ஓவியர்களிடம் லித்தோகிராஃப் (கல்லச்சு) படங்கள் வரைந்து வாங்கினார். பின்னால் ஹென்றி மூரும் பிக்காசோவும் மத்தீசும்கூட வரைந்து கொடுத்தார்கள். படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும் செலவு பள்ளிக்கு வேண்டாம் என்று, சட்டத்தையும் ஓவியத்தோடு சேர்த்தே வரையச் செய்தார்கள். பிள்ளைகளுக்குப் போகிற பிரிண்ட் என்பதற்காக யாரும் அங்கே அலட்சியம் காட்டவில்லை.

சரி, ஸ்மார்ட் போர்டில் என்ன குறை? அளவு. திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு. பேரலை உண்மையில் கிட்டத்தட்ட 25 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம், பரீட்சை அட்டை மாதிரி. மோனாலிசா 77-க்கு 53 செ.மீ. பிக்காசோவின் குவெர்னிக்காவோ 3.49 மீட்டர் உயரம், 7.77 மீட்டர் நீளம். மூன்றையும் திரையில் அடுத்தடுத்துத் தட்டிவிட்டால் பிள்ளை மனதில் மூன்றும் ஒன்றுதான். சின்னப் படத்தின் கிட்டே போய் மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து பார்க்க வேண்டும், பெரிய படத்தை விட்டுப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். உடம்பு நகராமல் ஓவியம் பார்க்க முடியாது. குவெர்னிக்காவை முழு அளவில் எங்களாலும் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் மைதானத்தில் அதன் நீள அகலத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, ஒரு வகுப்பையே உள்ளே நிறுத்துவோம். “சார், இவ்ளோ பெருசா?” என்ற அந்தக் கேள்வி எந்தத் திரையிலிருந்தும் வராது.

பேரலைக்கு முன்னால் பிள்ளைகளைச் சும்மா விட்டுப் பாருங்கள். முதலில் அலை மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் போனால் ஒரு பிள்ளை, “அய்யோ, படகுல ஆளுங்க இருக்காங்க” என்று கத்தும். மூன்று படகுகள், துடுப்புக்காரர்கள் குனிந்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இருப்பது அலையில்லை, மலை என்று இன்னொன்று கண்டுபிடிக்கும். அதுதான் ஃபூஜி. இதையெல்லாம் ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

‘அசலைக் கொண்டுவர முடியாதா’ என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குவெர்னிக்கா ஒரு காலத்தில் நாடு நாடாகப் போன படம். மறுபடி மறுபடி சுருட்டி விரித்ததில் கித்தானில் விரிசல் விட்டது. இப்போது மாட்ரிட்டை விட்டு அதை எங்கும் அனுப்புவதில்லை. அசல் ஊர் ஊராகப் போனால் அசலே இருக்காது. ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்கள் கண்காட்சியைப் பார்த்த பிள்ளைகளை அடுத்த சுற்றுலாவில் அங்கே கூட்டிப் போங்கள்.

இனி, கூப்பிடுகிற பள்ளிகளுக்கு. ஹால் சாவியை முந்தின நாளே எடுத்து வையுங்கள், வெயில் விழும் வராண்டா வேண்டவே வேண்டாம். காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். பிரிண்டும் வெளிறும். ‘பாதுகாப்புக்காக’ பளபள லேமினேஷன் போடாதீர்கள், படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலடிக்கு மேல் போகக் கூடாது. தலைமையாசிரியர் கண் மட்டத்துக்கு மாட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கிறது என்றால் எப்படி?

நோட்டு வேண்டாம். விசில் வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள், டிராயிங் மாஸ்டரை அன்றைக்கு வேறு வகுப்புக்குப் பதிலாள் அனுப்பாதீர்கள். எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பிள்ளை ஒரே படத்தின் முன்னால் அந்த பீரியட் முழுக்க நின்றால், தயவுசெய்து நிற்க விடுங்கள்.