எட்டுச் சக்கரம், கொஞ்சம் ரப்பர்: நியூயார்க் உருண்ட கதை

காலணிக்கு அடியில் சக்கரம் மாட்டி ஓடுவது பெரிய வித்தையில்லை. வளைவதுதான் வித்தை. 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற இசைக்கருவித் தயாரிப்பாளர், சக்கரக் காலணியில் வயலின் வாசித்தபடி விருந்துக்குள் உருண்டு வந்து, திரும்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் போய் மோதினாராம். கதையில் மிகை இருக்கலாம். மோதியதற்கான காரணம் நம்பும்படிதான் இருக்கிறது. அன்றைய ஸ்கேட்டில் சக்கரங்கள் அடிப்பலகையோடு அசையாமல் பிணைந்திருந்தன. வளைய வேண்டுமானால் சக்கரத்தைத் தரையில் தேய்த்து இழுக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நியூயார்க்கில் மரச்சாமான் வியாபாரம் செய்த ஜேம்ஸ் பிளிம்டன். 1863இல் அவர் காப்புரிமை பெற்ற ஸ்கேட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள். ஒவ்வொரு ஜோடியின் அச்சும் சரிவான ஒரு முளையில் தொங்கியது, நடுவே ரப்பர்.

இன்றைய ஸ்கேட் ஒன்றைத் தரையில் வைத்துப் பலகையை ஒரு பக்கமாக அழுத்திப் பாருங்கள். வலப்பக்கம் சாய்த்தால், வலப்பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று நெருங்கும்; இடப்பக்கத்தவை விலகும். முளை சரிவாக இருப்பதால் பாதத்தின் சாய்வு அச்சின் திருப்பமாக மாறுகிறது. இரண்டு அச்சுகளையும் கோடாக நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளிதான் நீங்கள் சுற்றப்போகும் வட்டத்தின் மையம்.

கணக்கும் எளிதுதான். அச்சுகளுக்கு இடைவெளி 15 செ.மீ., பாதத்தின் சாய்வு 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முளை தரைக்கு 15 டிகிரி சரிவில் இருந்தால் வட்டத்தின் ஆரம் சுமார் 1.6 மீட்டர். அதையே 45 டிகிரியாக்கினால் சுமார் 43 செ.மீ.தான். நடனமாடுகிறவருக்கு இரண்டாவது பிடிக்கும். வேகமாக நேராகப் போகிறவருக்கு அது தொல்லை. கால் லேசாக நடுங்கினாலே வண்டி திரும்பிவிடும்.

ரப்பர் இல்லாவிட்டால் சாய்ந்த பலகை சாய்ந்தபடியே கிடக்கும். சாய்வை எதிர்த்து நின்று, கால் நிமிர்ந்ததும் அச்சை நேராக்குவது அதன் வேலை.

அடுத்த திருப்பம் 1884. லெவன்ட் ரிச்சர்ட்சன் ஸ்கேட் சக்கரத்துக்கு எஃகு குண்டு பேரிங் வைத்துக் காப்புரிமை பெற்றார். இரும்பு இரும்போடு உரசியது போய் உருளத் தொடங்கியது. இன்று பரவலாக இருக்கும் 608 பேரிங்கின் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. சக்கரத்துக்கு இரண்டு வீதம் ஒரு ஜோடி ஸ்கேட்டில் 16. புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தப்பு, சக்கர நட்டை இறுக முறுக்குவது. இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே குழாய் இல்லையென்றால், உள்வளையங்கள் பக்கவாட்டில் நெரிபட்டுச் சக்கரம் சுற்றாது. பிடிக்கும்வரை முறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரத்தை ஆட்டினால் மயிரிழை அசைவு தெரிந்தால் போதும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்துக்கு அருகே 1941இல் திறந்த எம்பயர் என்ற ஸ்கேட்டிங் அரங்குதான் (ரிங்க்) பின்னாளில் ரோலர் டிஸ்கோவின், அதாவது டிஸ்கோ இசைக்குச் சக்கரக் காலணியில் ஆடும் ஆட்டத்தின், பிறப்பிடம் என்று பேர் வாங்கியது. பில் பட்லர் போன்ற ஸ்கேட்டர்கள் அங்கே தாளத்துக்கு ஏற்ப ஆடும் பாணியை வளர்த்தார்கள். அந்த ஆட்டத்துக்குத் தளர்ந்த ரப்பரும் கெட்டியான சக்கரமும் வேண்டும். வழுவழுப்பான மரத்தளத்தில் கெட்டிச் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், அதனால்தான் ஒரே இடத்தில் சுழல முடிகிறது. மென்மையான சக்கரம் தளத்தைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பியும் பாதம் திரும்பாமல் கணுக்கால் பிசகும்.

தெருவில் நிலைமை தலைகீழ். உலோகச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும் சிறு கல்லில் பட்டாலே தடுக்கி நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பார். 1970களில் பரவிய பாலியூரித்தேன் சக்கரம் கல்லைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு கடந்து போகும். ஆட்டம் ரிங்க்கை விட்டு சென்ட்ரல் பார்க்கின் தார்ச்சாலைக்கு வந்ததில் இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே ஆடுவோர் 1995இல் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். எம்பயர் 2007இல் மூடப்பட்டது.

சக்கரத்தின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவுகோலின் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் கெட்டி கூடும். வெளியே ஓட்ட 78 அளவில், உள்ளரங்குக்கு 90க்கு மேல். ஒரே ஜோடியில் இரண்டையும் சமாளிக்கலாம் என்று நடுவில் ஓர் எண்ணை வாங்கினால், பெரும்பாலும் இரண்டு இடத்திலும் அரைகுறைதான்.

மழையில் நனைந்த ஸ்கேட்டை அப்படியே பைக்குள் போட்டால் இரண்டே நாளில் பேரிங் கரகரக்கும். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி, ஓரிரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேகத்தில் ஸ்கேட் படபடவென்று நடுங்கினால் சக்கரத்தைக் குறை சொல்லாமல் கிங்பின் (அச்சையும் ரப்பரையும் பலகையோடு பிடித்திருக்கும் போல்ட்) நட்டைப் பாருங்கள், தளர்ந்திருக்கும். அரை அரைச் சுற்றாக முறுக்குங்கள், நான்கு அச்சுக்கும் ஒரே அளவில். முறுக்கியும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் ரப்பரை வெளியே எடுத்து விரலால் வளையுங்கள். வெடிப்பு கண்ணில் பட்டால் புது ரப்பர் போட வேண்டியதுதான்.