டீன்: துறைத் தலைவரா, முதல்வரா, புலத்தலைவரா?

ஒரு சட்டப் பேராசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழாக்கத்தில் படித்தேன். "துறைத் தலைவராக இருந்தவர், பின்னர் துறைத் தலைவராக உயர்ந்தார்" என்றிருந்தது. ஆங்கில மூலத்தில் முதலாவது ஹெட், அதாவது ஒரு துறையின் தலைவர்; இரண்டாவது டீன், அவருக்கு மேலே இருப்பவர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு, அந்த மனிதர் படியேறியதையே அழித்துவிட்டார்கள். இதே பிழையை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது?

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் டெக்கெம் என்றால் பத்து, டெக்கானுஸ் என்றால் பத்துப் பேருக்குத் தலைவன். உரோமப் படையிலிருந்து துறவி மடங்களுக்கும் பிறகு பல்கலைக்கழகங்களுக்கும் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் டீன் ஆயிற்று. பத்து என்ற கணக்கு எப்போதோ உதிர்ந்துவிட்டது, அதைத் தமிழில் தேட வேண்டாம்.

டீன் எதற்குத் தலைவர் என்பதுதான் கேள்வி. ஃபேகல்டிக்கு. இடைக்காலப் பாரிசில் கலை, இறையியல், சட்டம், மருத்துவம் என நான்கு ஃபேகல்டிகள் இருந்தன. துறைகளுக்கு மேலே நிற்கும் அந்தப் பெரும்பிரிவுக்குத் தமிழில் நல்ல சொல் உண்டு: புலம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கலைப்புலம், சுவடிப்புலம் என்று அதுதான் வழக்கு. அப்படியானால் சட்டப்புலம், அதற்குப் புலத்தலைவர். ஃபேகல்டி என்பதற்கு ஆசிரியர்கள் என்ற பொருளும் இருப்பதால் சிலர் 'சட்ட ஆசிரியர்களின் டீன்' என்று எழுதுகிறார்கள், அது என்ன பதவி என்று யாருக்கும் விளங்காது.

சரி, 'முதல்வர்' போதாதா என்பார்கள். போதாது. தனிக் கல்லூரியை நடத்துகிற பிரின்சிபாலுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது, மாநிலத்தை ஆள்பவருக்கும் அதுவேதான். 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்கு லாங்டெல் முதலாவது டீனாக வந்தார், தீர்ப்புகளை வைத்தே சட்டம் கற்பிக்கும் முறையை அங்கே நிலைநிறுத்தியவர் அவர். அவரை 'முதல் முதல்வர்' என்று எழுதிப் பாருங்கள், நாக்கே ஒத்துக்கொள்ளாது. 2003-இல் அதே பதவிக்கு வந்து பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான எலினா கேகனை 'முதல் பெண் முதல்வர்' என்றால், படிப்பவர் தேர்தல் முடிவைத்தான் நினைப்பார். ஹார்வர்டில் அதைப் பள்ளி என்றே அழைக்கிறார்கள், உண்மைதான், ஆனால் அதுவும் பல்கலைக்கழகத்தின் உறுப்பு, புலத்தலைவர் அங்கேயும் பொருந்தும். 'முதன்மையர்' இதைவிடத் தேவலை, வேளாண் பல்கலைக்கழகத்தில் புழங்குகிறது, ஆனாலும் எதற்கு முதன்மை என்பதைச் சொல்லவில்லை.

இலங்கைத் தமிழர் பீடம், பீடாதிபதி என்கிறார்கள். வடசொற்கள்தாம், எனக்குப் புலமே பிடிக்கும். தமிழ்நாட்டில் பீடாதிபதி என்றால் மடத்துத் தலைவர் நினைவு வேறு வரும். ஆனால் அவர்கள் பிரிவுக்கும் தலைவருக்கும் ஒரே வேரிலிருந்து சொல்லெடுத்து, குழப்பாமல் ஆள்கிறார்கள். இங்கே மொழிபெயர்ப்பவர்கள் அந்த ஒழுங்கையாவது கற்றுக்கொள்ளலாம். ஒரே கட்டுரையில் மேலே டீன், நடுவில் முதல்வர், கீழே துறைத் தலைவர் என்று மாற்றி மாற்றி எழுதினால் வாசகர் மூன்று ஆட்கள் என்றுதானே எண்ணுவார்?

அந்தக் குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: "சட்டத் துறைத் தலைவராக இருந்தவர், பின்னர் சட்டப்புலத் தலைவராக உயர்ந்தார்."