20 அளவுகளில் அடங்கும் 50 ஹெர்ட்ஸ்

ஆர்டுயினோ ஊனோ R3 என்ற சிறு கணினிப் போர்டின் அனலாக் பின்னில் (மின்னழுத்தத்தை எண்ணாக அளக்கும் இணைப்பில்) ஒரு வயரைச் செருகி, மறுமுனையைச் சும்மா தொங்கவிட்டு, வரும் அளவுகளைத் திரையில் வரைந்து பாருங்கள். தட்டையான கோடு வராது; அலை அலையாக ஏறி இறங்கும். சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் தாக்கம் அது. இந்தியாவிலும் இலங்கையிலும் அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். எந்த சென்சாரை இணைத்தாலும் இந்த இரைச்சல் கொஞ்சமாவது கூடவே வரும்.

இதை நீக்கப் பலரும் முதலில் செய்வது, கடைசிச் சில அளவுகளின் சராசரியை எடுப்பது. நல்ல வழிதான். ஆனால் எத்தனை அளவுகள்? நொடிக்கு 1000 அளவுகள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லிநொடி ஆகும். அதற்குள் சரியாக 20 அளவுகள். அந்த 20-ஐயும் கூட்டினால் ஏறிய பாதியும் இறங்கிய பாதியும் ஒன்றையொன்று கழித்துவிட, அலை காணாமல் போகும். 100, 150 ஹெர்ட்ஸ் அலைகளும் அதோடு ஒழியும். 16 அளவுகள் போதும் என்று நிறுத்தினால் கிட்டத்தட்ட கால்வாசி அலை மிச்சம் இருக்கும். சரி, 30 எடுத்தால்? ஐந்தில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடும்! கூடுதலாகச் சராசரி எடுத்தால் கூடுதல் சுத்தம் என்பது இங்கே எடுபடாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

இதற்கு நேரம் பிசகக் கூடாது. ஊனோவில் ஓர் அளவு எடுக்கவே சுமார் 0.1 மில்லிநொடி ஆகும். அதன்பின் 1 மில்லிநொடி காத்திருந்தால் 20 அளவுகளுக்கு 22 மில்லிநொடி ஆகிவிடும். டைமர் இன்டரப்ட், அதாவது குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாகவே வேலையைத் தொடங்கிவைக்கும் வசதி, வைத்து அளவெடுப்பதே சரி.

இந்தச் சராசரிக்கு ஒரு விலையும் உண்டு. சுமார் 22 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாமே மங்கும். வெப்பநிலை சென்சாருக்கு அதனால் நட்டமில்லை. இதயத்துடிப்பு அலையிலோ கூர்மையான முகடு மழுங்கிப்போகும். அங்கே 50 ஹெர்ட்ஸை மட்டும் குறிவைக்கும் நாட்ச் ஃபில்டர் வேண்டும்.

எந்த அதிர்வெண்ணை நீக்குவது என்று தெரியாதபோது, அளவுகளில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி (FFT) என்ற கணக்கு உதவும். ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட இந்த முறையில், 1024 புள்ளிகளுக்கு 10 லட்சத்துக்கும் மேல் தேவைப்படும் பெருக்கல்கள் 5120 ஆகச் சுருங்குகின்றன. ஆனால் ஊனோவின் ரேம் 2 கிலோபைட்தான். 128 புள்ளிகளே அதில் பாதியைத் தின்றுவிடும். அப்போது அதிர்வெண் கட்டம் ஒவ்வொன்றும் 7.8 ஹெர்ட்ஸ் அகலம். அதனால் 50 ஹெர்ட்ஸ் ஒரே கட்டத்தில் உட்காராமல் 46.9, 54.7 என இரண்டிலும் சிந்திக் கிடக்கும்.

அப்புறம், மென்பொருளால் தீராத சிக்கல் ஒன்று: நொடிக்கு 1000 அளவுகள் எடுக்கும்போது 950 ஹெர்ட்ஸ் அலை உள்ளே வந்தால், அது 50 ஹெர்ட்ஸ் போலவே தெரியும். எண்களாக மாறியபின் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆகவே அனலாக் பின்னுக்கு முன்னால் 1.6 கிலோஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்த, வேகமான அலைகளைக் குறைக்கும் வடிகட்டி ஒன்றை வையுங்கள். அந்த 950 ஹெர்ட்ஸ் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துதான் போர்டுக்குள் நுழையும்.