ஏற்காட்டுக் குளிரில் வேர்ப்பது ஏன்?

சென்ற டிசம்பரில் ஏற்காட்டில் என் நாத்தனார் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. விடியற்காலை ஐந்தரை மணி. மூடுபனி வாசற்படிவரை வந்து நின்றது. ஸ்வெட்டரும் மப்ளருமாக அடுப்படியில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார். முகம் கன்றியிருந்தது, மேலுதட்டிலும் பிடரியிலும் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது. மூன்று நான்கு நிமிடங்களில் அது அடங்கியது. அடங்கிய கையோடு குளிரெடுத்து நடுங்க ஆரம்பித்துவிட்டார். "விடிஞ்சதுல இருந்து இது ரெண்டாவது தடவை அண்ணி. உடம்புல சூடு ஏறிப்போச்சு, எண்ணெய் தேச்சுக் குளிச்சாலும் அடங்கமாட்டேங்குது" என்றார். அவருக்கு வயது 49. கடைசியாக மாதவிடாய் வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

கீழே சேலத்தில், சித்திரை வெயிலில் ஒரு பெண் இதையே சொன்னால் வெயிலின்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிப் பனியில் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது என்றால் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும். பல ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மாதவிடாய் தொடங்குவதற்குப் பல பக்கங்களை ஒதுக்கிய பாடம், அது நிற்பதை ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை எனக்கு அந்த வயது வந்தபோதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் முட்டைப் பைகள் இருக்கின்றன. பூப்படையும்போது எஞ்சுபவை மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவரும் முட்டைகள் 400 முதல் 500 வரைதான். மற்றவை தாமாகவே கரைந்து போகின்றன. இருப்பு சில நூறு, ஓர் ஆயிரம் என்ற அளவுக்குக் குறையும்போது, சினைப்பைகள் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் சுரப்பு தடுமாறுகிறது. அது ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட ஏறும், அடுத்த மாதம் அடியோடு விழும். மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் தூக்கமும் மனநிலையும் அலைக்கழிக்கப்படுவதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதை மாதவிடாய் நிறுத்தம் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. நம் நாட்டில் அதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இனி, வியர்வைக்கு வருவோம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. உடலின் உள்வெப்பத்தைக் கண்காணிப்பது அதுதான். உள்வெப்பம் ஒரு மேல் எல்லையைத் தாண்டினால் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கும். ஒரு கீழ் எல்லைக்குக் குறைந்தால் நடுங்க வைக்கும். இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். இதை எங்கள் ஊர் மலைப்பாதையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், அகலமான இடத்தில் வண்டி ஒரு சாண் விலகினால் யாருக்கும் தெரியாது. பாதை குறுகிய இடத்தில் அதே ஒரு சாண் விலகல் சக்கரத்தைத் தடுப்புச் சுவரில் கொண்டுபோய் உரசிவிடும். மாதவிடாய் நின்றும் இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் என்றும், தொல்லை உள்ளவர்களுக்கு அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது என்றும் அமெரிக்காவின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன் அளந்து காட்டினார். அடுப்பருகே நிற்பது, சூடாக ஒரு வாய் காப்பி குடிப்பது, பதற்றத்தோடு நாலு படி ஏறுவது என எதனால் நேரும் மிகச் சிறிய வெப்ப உயர்வும் மேல் எல்லையைத் தொட்டுவிடுகிறது. உடல் கொதிக்கிறது என்று மூளை தவறாக முடிவு செய்து, இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி, வியர்வையைக் கொட்டுகிறது. அந்த வியர்வையால் உண்மையிலேயே உள்வெப்பம் இறங்கி, கீழ் எல்லையையும் தாண்டிவிடுவதால்தான் சற்று நேரத்தில் நடுக்கம் வருகிறது. என் நாத்தனார் கழற்றிய ஸ்வெட்டரை ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் தேடியதன் விளக்கம் இதுதான்.

அந்தப் பாதையைக் குறுக்குவது எது? ஹைப்போதாலமஸில் கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்று வேதிப்பொருட்களையும் சுரக்கும் நரம்பணுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் கேண்டி நரம்பணுக்கள் என்று அதை அழைக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது இந்த அணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் இந்த அணுக்கள் பருத்துப்போயிருப்பதை அரிசோனா பல்கலைக்கழகத்தின் நவோமி ரான்ஸ் கண்டார். அடக்க ஆளில்லாத இந்த அணுக்கள், பக்கத்திலேயே இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஓயாமல் தூண்டுதல் அனுப்புகின்றன. 2015இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், மாதவிடாய் சீராக வரும் நலமான இளம் பெண்களுக்கு நியூரோகைனின் பியை இரத்தத்தில் செலுத்தியபோது, அவர்களுக்கும் அதே திடீர்ச் சூடு வந்தது. இந்த வழியைப் பின்பற்றிப் போய்த்தான், நியூரோகைனின் பி போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மருந்து 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உட்கொள்பவர்கள் கல்லீரல் சோதனையை விடாமல் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே "உடம்புச் சூடு" என்று நம் பெண்கள் சொல்வது அவர்கள் உணர்வதைப் பொறுத்தவரை முழு உண்மை. சூடு பிறக்கும் இடம்தான் வேறு. மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் ஆகியவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளிர்ந்த அறை, கழற்றிப் போட வசதியான அடுக்கு உடை, காரத்தையும் மிகச் சூடான பானத்தையும் குறைத்துக்கொள்வது ஆகியவை வண்டியைத் தடுப்புச் சுவரிலிருந்து சற்றே தள்ளி ஓட்ட உதவும், பாதையை அகலப்படுத்தா. இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்களுக்கும், பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்தத் திடீர்ச் சூடு 58 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தது. சூரணமோ கஷாயமோ சாப்பிட்டு "எனக்குக் கேட்டது" என்று ஒருவர் சொல்வது பொய்யில்லை என்றாலும், அந்தச் சொல்லை மட்டும் வைத்து அதன் பலனை அளந்துவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். அதே தொகுப்பாய்வில், வெற்று மாத்திரையோடு ஒப்பிடும்போது, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை இதன் எண்ணிக்கையை மேலும் 75 சதவீதம் குறைத்தது. இந்த அளவுக்குப் பலன் தரும் வேறு மருந்து இன்றுவரை நிறுவப்படவில்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் அதைக் கண்டு அஞ்சுகிறார்கள்? அச்சத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002 ஜூலை. அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரும் ஆய்வில், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களைக் கொண்டு ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனின் செயற்கை வடிவமான புரோஜெஸ்டினும் சேர்ந்த ஒரு மாத்திரையைச் சோதித்துவந்தார்கள். சராசரியாக ஐந்தாண்டுகள் கடந்த நிலையில், தீங்கு மிஞ்சுகிறது என்று அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓராண்டில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், வெற்று மாத்திரை உண்டவர்களில் 30 பேருக்கும் ஹார்மோன் உண்டவர்களில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. பக்கவாதம் 21 என்பது 29 ஆனது. நுரையீரலில் இரத்தக்கட்டி 8 என்பது 16 ஆனது. மறுபக்கம், இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16இலிருந்து 10ஆகவும் குறைந்தன. எட்டுப் பெண்கள் என்பது அற்பமான எண் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எட்டில் ஒருவர் நம் வீட்டிலும் இருக்கலாம். ஆனால் முடிவெடுக்க வேண்டியவளுக்குச் சதவீதம் தரும் திகைப்பைவிட இந்த எண்ணிக்கை தரும் தெளிவு பயன்படும்.

அதைவிட முக்கியமானது, சோதிக்கப்பட்டவர்கள் யார் என்பது. அவர்களுடைய சராசரி வயது 63. என் நாத்தனாரைப் போல மாதவிடாய் நின்று ஓரிரு ஆண்டுகளே ஆன, இரவில் தூங்க முடியாமல் தவிக்கிற பெண்கள் அங்கே சிறுபான்மையினர். இரத்தக் குழாய்களில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்துவிட்ட வயதில் ஹார்மோனைத் தொடங்குவதும், 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குவதும் ஒன்றில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதே பெண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியான கணக்கில், ஹார்மோன் உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் மொத்த இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை.

எந்த வழியில் ஈஸ்ட்ரோஜன் உடலுக்குள் போகிறது என்பதும் கணக்கை மாற்றுகிறது. மாத்திரையாக விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், இரத்தம் உறைய உதவும் புரதங்களை அங்கே கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. கையிலோ தொடையிலோ தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ தோல்வழியே சென்றால் கல்லீரலை அந்த அளவில் முதலில் தொடுவதில்லை. இரத்தக்கட்டி அபாயம் அவ்வகையில் கூடியதாக ஆய்வுகளில் தென்படவில்லை. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு வழி உண்டாகும் என்பது 1975லேயே தெரிந்துவிட்டது. அதைத் தடுக்கவே கூடவே புரோஜெஸ்டிரோன் தரப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டியோ பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், "திரும்ப வந்துவிட்டது" என்று விட்டுவிடாமல் உடனே காட்ட வேண்டும். அதன் காரணம் தெரியும்வரை ஹார்மோன் கூடாது. காய்ச்சல், எடைக்குறைவு, விடாத இருமல் ஆகியவற்றோடு இரவில் வேர்த்தால் காசநோய்ச் சோதனைதான் முதலில் தேவை. தைராய்டு மிகுதியும் இதே வேடத்தில் வரும்.

ஹார்மோன் கூடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் குறைந்த அளவில் இந்தச் சூட்டைத் தணிக்கின்றன. அவற்றுள் பாராக்ஸெடின், டமாக்ஸிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதால் அந்த மருந்து உண்பவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கபாபென்டின் இரவு வியர்வைக்கு உதவுகிறது. பிறப்புறுப்பு வறட்சியும் அடிக்கடி வரும் சிறுநீர் எரிச்சலும் திடீர்ச் சூட்டைப் போல ஆண்டுகள் போகப் போகத் தணிவதில்லை. அவற்றுக்கு அந்த இடத்தில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும், இரத்தத்தில் அது மிகக் குறைவாகவே கலக்கிறது. இந்தத் தொல்லையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டே எத்தனையோ பெண்கள் இருபது ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

என் நாத்தனார் தினக் காலண்டரில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பென்சில் கோடு போட்டு வந்தார். பொங்கல் கழிந்து அந்தத் தாள்களோடு சேலத்துக்கு வந்து மகப்பேறு மருத்துவரைப் பார்த்தோம். இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற விவரம் எல்லாம் பார்த்த பிறகு, ஜெல்லும் இரவில் ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரையுமாகத் தொடங்குவது, மூன்று மாதத்தில் ஒருமுறை பார்ப்பது, பிறகு ஆண்டுதோறும் தொடரலாமா என்று மறுபடி எடைபோடுவது என்று முடிவானது. பங்குனித் தாள்களில் பல நாட்களுக்குக் கோடே இல்லை.

அவர் தோட்டத்தில் பழம் பறிக்க வந்த ஒரு பெண் இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வயது 41. "எனக்கும் உள்ளுக்குள்ள அடுப்பு எரியற மாதிரிதான் இருக்குது சாமி. ஆனா கர்ப்பப்பையை எடுத்து அஞ்சு வருசமாச்சே, எனக்கு எப்படி இது வரும்?" என்று கேட்டார். சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அதிக இரத்தப்போக்குக்காக ஒரு மருத்துவமனையில் அறுவை செய்தவர்கள் அதை அவருக்குச் சொல்லவேயில்லை. மறுநாள் ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துகள் அழிந்திருந்தாலும், கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டன என்ற ஆங்கில வரி தெளிவாகவே இருந்தது. 36 வயதில், படிப்படியாக இறங்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோயிருக்கிறது. இத்தகைய பெண்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் தருவதே பொதுவான பரிந்துரை. வியர்வைக்காக மட்டுமில்லை, எலும்புக்காகவும் இதயத்துக்காகவும். கர்ப்பப்பை இல்லாததால் புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்; ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வந்தது என்று அதே அமெரிக்க ஆய்வின் 2020 தொடர்ச்சி காட்டுகிறது. இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, போன வருடம் சும்மா வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்ததே, அதுவும் இதனால்தானா என்று கேட்டார். இருக்கலாம், எலும்பு அடர்த்தியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, அடுத்த வாரம் சேலத்துக்கு வரும்போது முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுவரச் சொன்னேன்.