வழிமாற்று

2023 ஜூலையில் எக்ஸ்.காம் என்று தட்டினால் டிவிட்டர்.காம் திறந்தது. 2024 மே மாதத்திலிருந்து டிவிட்டர்.காம் என்று தட்டினால் எக்ஸ்.காம் திறக்கிறது. பெயர் இரண்டு, தளம் ஒன்று. ஒரு பெயரைக் கேட்டு வந்தவரை இன்னொன்றுக்கு அனுப்பும் இந்த வேலைதான் ரீடைரக்ட், தமிழில் வழிமாற்று.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ஒரு திக்கில் செலுத்து என்னும் பொருள் தரும் வினையோடு, 'மறுபடி' என்னும் முன்னொட்டு சேர்ந்தது. கணினிக்கு முன்பே அது தபாலில் புழங்கியது. வீடு மாறிப் போனவருக்கு வந்த கடிதத்தில் பழைய முகவரியை அடித்து, புதியதை எழுதி, மீண்டும் பெட்டியில் போடுவோமே, அதுதான்.

இணையத்தில் எதையும் யாரும் சுமந்துபோவதில்லை. பழைய பெயரைக் கேட்டதும், பதில் தரும் கணினியான சர்வர் 301 என்ற எண்ணையும் புது முகவரியையும் மட்டும் சொல்கிறது. "அவர்கள் காலி செய்துவிட்டார்கள், அடுத்த தெருவில் போய்ப் பாருங்கள்" என்பதுபோல. போவது பிரவுசரின் பாடு. 301 என்றால் நிரந்தரம், 302 என்றால் தற்காலிகம். 301-ஐப் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறாகப் போட்டுவிட்டால், திருத்திய பிறகும் அந்தத் தவறான இடத்துக்கே ஓடும். ஒருமுறை நான் இரண்டு பெயர்களை ஒன்றையொன்று காட்டும்படி வைத்துவிட்டேன். குரோம் 20 முறை அலைந்துவிட்டுக் கைவிரித்தது.

இதற்குத் 'திசைதிருப்பல்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, கேட்ட கேள்வியை விட்டு வேறெதையோ பேசுகிறவர் செய்வது அது. 'மடைமாற்றம்' அழகான சொல், ஆனால் செய்தித்தாள்கள் அதை நிதி முறைகேட்டோடு சேர்த்துப் பழக்கிவிட்டன. 'மாற்றுப்பாதை' சாலையில் பள்ளம் தோண்டும்போது வைக்கும் பலகை: பாதைதான் வேறு, போய்ச் சேரும் ஊர் அதே. இங்கே கேட்ட முகவரியே மாறிவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா தன் கட்டளையாகவே 'வழிமாற்று' என்பதை வைத்திருக்கிறது. புழங்கித் தேய்ந்த சொல், அதுவே போதும்.

டிவிட்டர்.காம் போன்ற தளப் பெயரான டொமைனுக்குத் தமிழில் 'ஆள்களம்'. மூலச் சொல்லிலும் உடைமை, ஆட்சி என்ற பொருள் உண்டு என்பதால் 'ஆள்' கச்சிதம். ஒரே நிறுவனம் .காம், .இன், .இந்தியா என்று மூன்று ஆள்களப் பெயர் வாங்கினால், இரண்டை வழிமாற்றி ஒன்றில் தளத்தை வைப்பது வழக்கம். பெயராகவும் வினையாகவும் வரும்: "பழைய பெயருக்கு 301 வழிமாற்று கொடுத்தாயிற்றா?" "நேற்றே வழிமாற்றிவிட்டேன்."