டெமோவில் திரையைப் பார்த்தது போதும், தாளை வாங்கிப் பாருங்கள்

திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் ஜவுளிக் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். வாங்க வருகிறவர்கள் டெமோவில் கலர் கலரான கிராஃபைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள், பிரிண்ட் அடித்துக் காட்டுங்கள் என்று கேட்பவர் குறைவு. ஆனால் நூல் நிட்டிங்குக்குப் போனால் ஒரு டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), துணி டையிங்குக்குப் போனால் ஒரு டிசி, அப்புறம் துணி பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங், கட்டிங், கடைசியில் பேக்கிங் லிஸ்ட் என்று நம் வேலை முழுக்கத் தாளை வைத்துத்தான் நடக்கிறது.

கலர் வாரி, சைஸ் வாரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சைஸ் இருந்தால் எந்த சாஃப்ட்வேரும் அழகாக அடிக்கும். குழந்தைகள் ஆர்டரில் பத்துப் பன்னிரண்டு சைஸ் வந்ததும் கடைசிக் கட்டங்கள் தாளுக்கு வெளியே போய்விடும், இல்லையென்றால் தலைப்பே இல்லாமல் அடுத்த பக்கத்தில் தனியாக வந்து விழும். கீழே மொத்தம் சரியாக இருப்பதால் ஆபீஸில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கார்ட்டன் கட்டுகிற இடத்தில்தான் சண்டை வரும்.

தாள் அளவும் அப்படித்தான். சில வெளிநாட்டு சாஃப்ட்வேரில் 'லெட்டர்' என்ற அமெரிக்கத் தாள் அளவு போட்டிருக்கும், அது 216 மில்லிமீட்டர் அகலம். நம் ஏ4 தாள் 210 தான். வலது ஓரம் வெட்டுப்படும், அல்லது பிரிண்டர் எல்லாவற்றையும் சுருக்கி அடிக்கும், அதில் பார்கோடும் சுருங்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் 12 அங்குலத் தொடர்தாள் போட்டுவிட்டு சாஃப்ட்வேரில் ஏ4 என்றே விட்டால் பக்கத்துக்குப் பக்கம் சுமார் 8 மில்லிமீட்டர் மேலே ஏறிக்கொண்டே போகும், நாலைந்து பக்கத்தில் தலைப்பு முந்தைய தாளின் அடியில் விழும். சரக்கு இன்வாய்ஸுக்கு வாங்குபவர், வண்டிக்காரர், நமக்கு என மூன்று பிரதி வேண்டும் என்பதால் கார்பன் வைத்து அடிக்கிற கம்பெனிகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சம்பளச் சீட்டைத் தமிழில் கொடுப்பவர்கள் பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். திரையில் 'தொகை' ஒழுங்காக இருக்கும், பிடிஎஃப்பில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். படிக்க முடியாத சீட்டைத் தொழிலாளி கையில் கொடுப்பது நியாயமே இல்லை.

அதனால் விற்பவர் கொண்டுவரும் மாதிரி டேட்டா வேண்டாம். உங்களிடம் உள்ளதிலேயே பெரிய ஆர்டர், நீளமான பார்ட்டி பெயர், அதிக வரிகள் உள்ள மாதம், இவற்றை உங்கள் பிரிண்டரில், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே முதல் பக்கம் தொட்டுக் கடைசி வரை அடிக்கச் சொல்லுங்கள். இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) போடுகிறவர்கள் க்யூஆர் கோடைத் தாளிலிருந்தே ஸ்கேன் செய்யுங்கள். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பிறகு ஒரு பார்ட்டியின் முகவரியை மாற்றிவிட்டு அவருடைய பழைய பில்லை மறுபடி அடியுங்கள், பழைய பில்லில் புது முகவரி வந்தால் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம். எல்லாம் சரி என்றால் அந்தத் தாள்களிலேயே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கொட்டேஷனோடு சேர்த்துப் பின் அடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.