தற்காலிக வீட்டில் எத்தனை காலம்? இங்கிலாந்துச் சட்டமும் இனப் பாகுபாடும்

இங்கிலாந்தில் வீடிழந்த குடும்பத்துக்கு இடம் தருவது கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், சட்டக் கடமை. 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் 7ஆம் பகுதி அதைச் சொல்கிறது. விசா நிலை, பிள்ளைகள் அல்லது கடும் நோய் போன்ற முன்னுரிமை, வேண்டுமென்றே வீட்டை விட்டீர்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முழுக் கடமையை, அதாவது நிலையான வீடு கிடைக்கும்வரை தங்க இடம் தரும் பொறுப்பை, ஏற்பார்கள்.

நிரந்தர வீடு கிடைக்கும்வரை தருவது தற்காலிக வீடு. அதில் எத்தனை காலம் இருக்கலாம் என்பதற்குப் பொதுவான வரம்பே கிடையாது. பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தையும் கர்ப்பிணியையும் தனியார் பி அண்ட் பி-யில் (குளியலறையையோ சமையலறையையோ பிறருடன் பகிரும் விடுதி அறையில்) 6 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். கவுன்சிலே நடத்தும் ஹாஸ்டலுக்கு அந்த வரம்பும் பொருந்தாது. அதனால்தான் சமையலும் படுக்கையும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் ஒரே அறையில் என்று ஆண்டுகள் ஓடுகின்றன.

இந்தக் காத்திருப்பு எல்லா இனத்தவருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வீடிழப்போரில் கறுப்பினத்தவரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களது பங்கைவிட மிக அதிகம். 4 படுக்கையறை கவுன்சில் வீடுகள் அபூர்வமாகத்தான் காலியாகும். பெரிய குடும்பங்கள் அதிகமுள்ள வங்கதேசச் சமூகம் போன்றவற்றை அது நேராகத் தாக்குகிறது. கவுன்சில் வீடுகளை யாருக்குத் தருவது என்ற விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. லண்டனின் ஹில்லிங்டன் கவுன்சில், வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை பெற 10 ஆண்டு உள்ளூரில் வசித்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தது. அது குர்திய அகதிக்கும் ஐரிஷ் நாடோடிச் சமூகத்தவருக்கும் பாதகமாக இருப்பதை 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. கவுன்சிலால் அந்த விதியை நியாயப்படுத்த முடியவில்லை. யார் பெயரையும் சொல்லாத விதிகூட ஓரினத்தைத் தள்ளிவைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

முழுக் கடமையை ஏற்றபின் தரும் வீடு பொருந்தாவிட்டால், தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள். மறுத்தால் கடமை முடிந்தது என்று கவுன்சில் கைகழுவலாம். சாவியை வாங்கிக்கொண்டே 21 நாளுக்குள் கவுன்சிலிடம் மறுபரிசீலனை கேளுங்கள். சட்டம் இதற்கு இடம் தருகிறது. பள்ளி எவ்வளவு தூரம், எத்தனை மாடிப்படி, ஒரு படுக்கையில் எத்தனை பேர் என்று கடிதத்தில் எழுதுங்கள். மறுபரிசீலனையில் தோற்றால், அந்த முடிவில் சட்டப் பிழை இருந்தால் மட்டும், அடுத்த 21 நாளுக்குள் கவுண்டி கோர்ட் என்ற உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். வருமானம் குறைவென்றால் அரசின் சட்ட உதவி கிடைக்கலாம்.

2010 சமத்துவச் சட்டப்படி, முடிவெடுக்கும்போதே இனச் சமத்துவத்தைக் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும். கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள். எந்த இனத்தவர் தற்காலிக வீட்டில் சராசரியாக எத்தனை மாதம் இருக்கிறார்கள் என்று 2000 தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் யாரும் மின்னஞ்சலில் கேட்கலாம். பொதுவாகக் கட்டணமில்லை, 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும்.